பனிக்கல் ஏரியில் டிரவுட் பிடித்த வரலாறு

கடவுள் எல்லாருக்கும் புத்தியைச் சமமாக அளந்து கொடுத்தார் என்று சொல்கிறவர்கள் முத்துக்கொரைக்கு வந்ததில்லை. வந்து ஆவுடையப்பன் சகோதரர்கள் நாலு பேரையும் பார்த்திருந்தால், அந்த நாலு பேரின் முறை வந்தபோது அளக்கிறவர் டீ குடிக்கப் போயிருந்தார் என்று ஒப்புக்கொள்வார்கள்.

மூத்தவர் ஆவுடையப்பன். அடுத்தவர் சொரிமுத்து. அதற்கடுத்து குருவையா. கடைசி நம்பிராஜன். திருநெல்வேலிப் பக்கம் செம்மணல் தேரிக்காட்டில், குடிதண்ணீர் லாரியில் வருகிற ஊரில் பிறந்தவர்கள். பிழைப்புத் தேடி நீலகிரிக்கு ஏறி வந்து, கேரட் கழுவுகிற ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தார்கள். முதல் நாள் முதலாளி, "கேரட்டைக் கண்ணாடி மாதிரி கழுவணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் வந்து பார்த்தபோது பத்து மூட்டைக் கேரட் இரண்டு மூட்டையாகியிருந்தது. "இன்னும் முகம் தெரியலை, முதலாளி. நாளைக்கும் கழுவுனா தெரிஞ்சிரும்" என்றார் ஆவுடையப்பன்.

நல்லவர்கள். யாருக்கும் கெடுதல் நினைக்க மாட்டார்கள். நினைப்பதற்கே நேரம் பிடிக்கும் என்பது வேறு விஷயம்.

இதில் கடைசித் தம்பி நம்பிராஜனை உள்ளூர்ப் பெண் கோமளா விரும்பிக் கட்டிக்கொண்டாள். ஏன் என்று கேட்காதவர்கள் ஊரில் இல்லை. "சொன்னதைக் கேக்கறார்" என்பாள். அது உண்மைதான். சொன்னதை மட்டும்தான் கேட்பான்.

அந்த மாசி மாதம் கோமளாவுக்கு மூன்றாம் மாதம். மசக்கை என்றால் இப்படி அப்படி மசக்கை இல்லை. பன்னிரண்டு நாளாகக் கஞ்சி, ரசம், எலுமிச்சம்பழச் சாறு எது உள்ளே போனாலும் போன வேகத்தில் திரும்பி வந்தது. கன்னம் ஒட்டிப் போய்க் கட்டிலோடு கிடந்தாள். வியாழக்கிழமை நர்ஸ் ஜெயசீலி வந்து கண்ணை இழுத்துப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மறுபடி வருவேன். அதுக்குள்ள ஒரு வேளைச் சோறாவது வயித்துல தங்கலைன்னா ஆஸ்பத்திரி பெட்ல சேர்த்துட வேண்டியதுதான். தாய்க்கும் நல்லதில்ல, பிள்ளைக்கும் நல்லதில்ல."

நம்பிராஜன் வீட்டுக்குப் பின்னால் போய் அழுதான். தனியாக அழ விடக்கூடாது என்று அண்ணன்மார் மூவரும் போய்க் கூட நின்று அழுதார்கள்.

அழுதுவிட்டு வந்து ஆவுடையப்பன் கதவருகில் நின்று கேட்டார். "தாயி, எதைத் தின்னா தங்கும்னு உனக்குத் தோணுது?"

கோமளா யோசித்தாள். "பனிக்கல் ஏரி டிரவுட் மீன், பெரிய மாமா. மிளகு அரைச்சுத் தடவி வறுத்தா அது ஒண்ணுதான் இறங்கும்னு தோணுது."

பனிக்கல் ஏரி அவள் வளர்ந்த இடம். அவளுடைய அப்பா உயிரோடு இருந்தவரை அங்கே காவல் வேலை பார்த்தவர். ஏழு வயதிலேயே அவள் அந்தக் கரையில் நின்று மீன் இழுத்தவள். இப்போது எழுந்து உட்காரவே தெம்பில்லை. படுத்தபடியே சொல்லிக் கொடுத்தாள். நம்பிராஜன் காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டான்.

"பரண்ல அப்பாவோட பிஸ்கட் டப்பா இருக்கும். அதுல ஈ இருக்கு. முள்ளுல புழு மாட்டக்கூடாது, ஈதான் கட்டணும். மாசி மாசம் தண்ணி ஐஸா இருக்கும், அதனால விடிகாலைல போட்டுப் பிரயோசனமில்ல. தண்ணி சூடானதும் போடுங்க. மீன் ஆழத்துல தூங்கி வழிஞ்சுட்டுக் கிடக்கும், மெதுவா இழுங்க. உங்க நிழல் தண்ணி மேல விழுந்தா ஓடிடும். மாட்டுச்சுன்னா அவசரப்படக் கூடாது. விட்டுப் பிடிக்கணும்."

"இவ்வளவுதானா?" என்றார் சொரிமுத்து. அவருக்கு நிம்மதியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் டப்பாவை இறக்கித் திறந்தார்கள். உள்ளே சின்னச் சின்ன முள்களில் கோழி இறகும் மயில் இறகும் வண்ண நூலும் சுற்றிக் கட்டியிருந்தது. நாலு பேரும் டப்பாவைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"இதுல ஈயே இல்லயே" என்றான் நம்பிராஜன்.

"இருந்திருக்கும்லே. மாமனார் போயி ஆறு வருசம் ஆச்சு. செத்துப்போன ஈ மேல முடி முளைச்சிருக்கு, பாரு" என்றார் சொரிமுத்து.

குருவையா ஒன்றை எடுத்து மோந்து பார்த்தார். "பழசுதான். பிள்ளத்தாச்சிக்குக் கொடுக்கிற மீனுக்குப் பழசைக் கொடுக்கலாமா?"

கொடுக்கக் கூடாது என்று முடிவாயிற்று. டப்பாவைப் பரணில் வைத்துவிட்டுப் புது ஈ தேடிப் புறப்பட்டார்கள்.

மாசிக் குளிரில் முத்துக்கொரையில் ஈ கிடைப்பது லேசில்லை. முதலில் டீக்கடைக்குப் போனார்கள். "உங்க கடையில ஈ இருக்கா?" என்று ஆவுடையப்பன் மரியாதையாகக் கேட்டார். டீக்கடைக்காரர் முகம் சிவந்தது. "யாருய்யா சொன்னது? என் கடை பலகாரத்துல ஒரு ஈயைக் காட்டு பாப்போம்" என்றார்.

"இல்லேன்னா இல்லேன்னு சொல்லுங்க. கோவப்படாதீங்க. வந்தா எடுத்து வைங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள்.

பஸ் நிற்கிற இடத்தில் ஒருவர் இவர்களுடைய கஷ்டத்தை அரைகுறையாகக் காதில் வாங்கிக்கொண்டு சிரித்தார். "ஈ வேணும்னா செல்போன் ரிப்பேர்க் கடைக்குப் போங்க. பொங்கல் முடிஞ்சதுல இருந்து அவன் ஈதான் ஓட்டிக்கிட்டு இருக்கான்."

நாலு பேருக்கும் முகம் மலர்ந்தது. நேரே அந்தக் கடைக்குப் போனார்கள். கடைக்காரன் தனியாக உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். நாலு பேர் ஒன்றாக வருவதைப் பார்த்து எழுந்து நின்றான்.

"தம்பி, நீங்க ஓட்டுத ஈயில எங்களுக்கு ஒரு நாலு ஈ வேணும்" என்றார் ஆவுடையப்பன்.

கடைக்காரன் ஷட்டர்க் கம்பியைக் கையில் எடுத்தான்.

"பொங்கல்ல இருந்து ஓட்டுதீங்கன்னா பழகுன ஈயா இருக்கும். அதான் கேக்கோம்."

அவன் ஷட்டரை இறக்கிவிட்டான். "இத்தனை வருத்தம் இருக்கும்னு நெனைக்கலை. வளர்த்த ஈயைக் கொடுக்க மனசு வரலை போல" என்றார் குருவையா.

கடைசியில் வெல்ல மண்டியில் ஒரு ஈ கிடைத்தது. தீப்பெட்டிக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, ஒருவர் நூலைச் சுற்ற, நம்பிராஜன் முடிச்சுப் போட்டான். முடிச்சு நன்றாக விழுந்தது. ஈ மட்டும் அதற்குள் இல்லை. ஆவுடையப்பனின் கட்டைவிரல் இருந்தது.

அதோடு வெள்ளிக்கிழமை முடிந்தது. கோமளா அன்று காலையில் குடித்த மோரும் தங்கவில்லை. நடந்ததைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அந்த இறகுதாங்க ஈ. பாக்க ஈ மாதிரி இருக்கணும்னு அப்பா கையால கட்டினது. மீன் ஏமாறணும், அவ்வளவுதான்."

"மீனை ஏமாத்தவா?" என்றான் நம்பிராஜன். அது அவனுக்குப் புதிதாக இருந்தது.

சனிக்கிழமை டப்பாவும் மாமனாரின் தூண்டில் கம்புமாக முதல் பஸ்ஸில் ஏறிப் போய், ஏரியில் காவலிருக்கும் போஜனிடம் மீன் பிடிக்கச் சீட்டு வாங்கிக்கொண்டு கரையில் இறங்கினார்கள். நாலு பேர் தலையிலும் குரங்குக் குல்லா. புல்லின் மேல் உறைபனி உப்பு மாதிரி கிடந்தது. ஏரியிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது.

"ஆவி வருது. தண்ணி சூடாத்தான் இருக்கும் போல" என்று குருவையா காலை உள்ளே விட்டார். விட்ட காலை வெளியே எடுத்து அரைமணி நேரம் தேய்க்க வேண்டியிருந்தது.

ஒன்பது மணிக்குச் சொரிமுத்து விரலை விட்டுப் பார்த்தார். பத்து மணிக்கு நம்பிராஜன் பார்த்தான். சூடாகவில்லை.

"சூடுன்னு சொன்னாளே, குளிக்கிற சூடா, காப்பிச் சூடா?" என்று கேட்டார் ஆவுடையப்பன். நம்பிராஜன் காலண்டர் தாளைப் பிரித்துப் பார்த்தான். அதில் சூடு என்று மட்டும் இருந்தது.

"குளிக்கிற சூடு போதும். மீன் காப்பி குடிக்காது" என்றார் சொரிமுத்து. இதை யாரும் மறுக்கவில்லை.

யூகலிப்டஸ் சுள்ளி பொறுக்கி, கரையில் கல் கூட்டி அடுப்பு மூட்டினார்கள். டீ போடக் கொண்டுவந்த கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஏரியில் ஊற்றினார்கள். விரலை விட்டுப் பார்த்தார்கள். மறுபடி மொண்டு கொதிக்க வைத்தார்கள். பதினேழாவது கெட்டிலின்போது போஜன் வந்து நின்றார்.

"என்ன பண்றீங்க?"

"ஏரியைச் சூடு பண்ணுதோம்" என்றார் ஆவுடையப்பன்.

போஜன் ஏரியைப் பார்த்தார். பிறகு கெட்டிலைப் பார்த்தார். "இந்த ஏரி நாப்பது ஏக்கர்" என்றார்.

"எங்களுக்கு முழு ஏரியும் வேண்டாம், அண்ணாச்சி. ஒரு ஓரம் போதும்."

போஜன் அந்த ஏரியில் இருபது வருடமாக இருப்பவர். கோபித்துக்கொள்கிற வயதைத் தாண்டிவிட்டவர். "சூடு பண்ணவேண்டியது நீங்க இல்ல, சூரியன். மேற்குக் கரைக்குப் போங்க. காலை வெயில் முதல்ல அங்கதான் விழும், தண்ணியும் அங்க ஆழம் கம்மி. தண்ணிக்குள்ள அந்த மேட்டைத் தாண்டினா பள்ளம். பள்ளத்துல படுத்திருக்கிற மீன் வெயிலுக்கு அங்கதான் ஏறி வரும்" என்றார்.

அடுப்பை அணைத்து, மூட்டை கட்டி, ஏரியைச் சுற்றி நடந்து மேற்குக் கரை போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் இரண்டு மணி. சூரியன் அவர்கள் முதுகுக்குப் பின்னால் போயிருந்தது. கரையில் வரிசையாக நின்றவுடன் நாலு நிழலும் தண்ணீரில் நீளமாக விழுந்தன.

"பின்னால வாங்கலே" என்றார் ஆவுடையப்பன். பின்னால் வந்தார்கள். நிழல் கரையேறியது, தூண்டில் தண்ணீருக்கு எட்டவில்லை. முன்னால் போனார்கள். தூண்டில் எட்டியது, நிழலும் கூடவே வந்தது.

"குடையை விரி. குடைக்குள்ள நின்னா நமக்கு நிழலே இருக்காது" என்றார் சொரிமுத்து.

குடையை விரித்தார்கள். தண்ணீரில் வண்டிச்சக்கர அகலத்துக்கு ஒரு வட்ட நிழல் விழுந்தது.

"இப்பவும் விழுதே" என்றான் நம்பிராஜன்.

"அது குடையோட நிழல். தாள்ல என்ன போட்டிருக்கு? உங்க நிழல் விழக்கூடாதுன்னு போட்டிருக்கு. குடை நிழலைப் பத்தி ஏதாவது இருக்கா?"

நம்பிராஜன் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். இல்லை.

அப்படியாகக் குடையின் கீழ் நின்று நம்பிராஜன் தூண்டிலை வீசினான். மெதுவாக இழுக்க வேண்டும் என்பதில் ஒரு சின்ன விவாதம் வந்தது. எவ்வளவு மெதுவாக? மணமேடைக்கு வரும் பெண் போலவா, தாலுகா ஆபீஸில் போகும் மனு போலவா? மனு போல என்று முடிவாகி, முக்கால் மணி நேரத்தில் நாலு முழம் இழுத்தான். அதுதான் அந்த மாதத்துக்கு ஏற்ற வேகம் என்பது அவனுக்குத் தெரியாது. மீனுக்குத் தெரிந்தது. கம்பு வளைந்தது.

கிடுகிடு என்று இழுத்துக் கரையில் போட்டான். பக்கமெல்லாம் புள்ளியும் நடுவில் செந்நிறக் கோடுமாக, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான அருமையான மீன். நம்பிராஜன் அதை இரண்டு கையாலும் தூக்கினான். கண் கலங்கியது. நாலு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

"அடுத்து என்ன போட்டிருக்கு?" என்றார் ஆவுடையப்பன்.

குருவையா தாளை வாங்கிப் படித்தார். "மாட்டுனா அவசரப்படக் கூடாது. விட்டுப் பிடிக்கணும்."

நம்பிராஜன் மீனை ஏரியில் விட்டான்.

"விட்டாச்சு" என்றான்.

"சரி. பிடி" என்றார் ஆவுடையப்பன்.

நாலு பேரும் குனிந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சொரிமுத்து முழங்கால் வரை இறங்கி இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டார். கடைசி பஸ்ஸின் ஹார்ன் சத்தம் கேட்கும்வரை அப்படியே நின்றார்கள். மீன் தன் பங்கைச் செய்யவில்லை.

அன்று சாயங்காலம் கோமளா எதுவும் திட்டவில்லை. திட்டத் தெம்பில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நம்பிராஜன் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தான். "நல்ல மீன் கோமளா. உன்னை மாதிரியே அழகா இருந்துச்சு" என்றான்.

அவள் சிறிது நேரம் கழித்துத் திரும்பினாள். ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "விட வேண்டியது நரம்பை. மீனை இல்ல. அது ஓடுச்சுன்னா தூண்டில் நரம்பைக் கொஞ்சம் விடணும். களைச்சதும் இழுக்கணும். மீன் கைக்கு வந்துடுச்சுன்னா அதுக்கப்புறம் கையை விட்டு விடவே கூடாது. நான் சொல்ற வரைக்கும் விடாதீங்க. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது" என்றான். உண்மையிலேயே புரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. மேற்குக் கரைக்குக் காலையிலேயே போய்விட்டார்கள். சூரியன் எதிரே இருந்தது. நிழல் நாலும் பின்னால் புல்லில் கிடந்தன. இது தாங்கள் நேற்றுக் குடை பிடித்ததற்குப் பயந்து நடந்த மாற்றம் என்று சொரிமுத்து விளக்கினார்.

ஆவுடையப்பன் மூத்தவர் என்ற முறையில் முதலில் தூண்டிலை வீசினார். வீசிவிட்டு, தண்ணீர் சூடாகட்டும் என்று பாறையில் சாய்ந்தார். வெயில் இதமாக இருந்தது. மூன்று நாள் அலைச்சல். தூங்கிவிட்டார். இறகு ஈ மெல்ல மெல்ல இறங்கிப் பள்ளத்தின் அடிக்குப் போய்விட்டது. அவர் குறட்டையில் மூச்சை இழுக்கும்போது வயிற்றின் மேலிருந்த கம்பு இரண்டு விரல் உயர்ந்தது. மூச்சை விடும்போது தாழ்ந்தது. ஆழத்தில் ஈ ஒரு எம்பு எம்பியது, ஒரு நிமிடம் கிடந்தது, மறுபடி எம்பியது. மாசி மாதத்து மீனுக்கு அதைவிடச் சரியான இழுப்பு கிடையாது என்று போஜன் பிற்பாடு சொன்னார்.

பத்தரை மணிக்குக் கம்பு ஆவுடையப்பன் மோவாயில் அடித்தது. எழுந்தார். நரம்பு ஓடியது.

"விடு" என்றார் குருவையா.

விட்டார். நின்றதும் இழுத்தார். மறுபடி ஓடியது, மறுபடி விட்டார். கால் மணி நேரத்தில் களைத்துப் போய்க் கரைக்கு வந்த மீனை நம்பிராஜன் பாய்ந்து வலது கையால் பிடித்தான்.

கேரட் ஷெட்டிலிருந்து கொண்டுவந்த வாளியில் தண்ணீர் மொண்டு வைத்து, "போடுலே" என்றார் சொரிமுத்து.

"கோமளா சொல்ற வரைக்கும் கையை விட மாட்டேன்."

இதற்கு மறுப்பே இல்லை. ஆகவே மீனைப் பிடித்த கையோடு வாளிக்குள் விட்டான். வாளியைக் குருவையா தூக்கிக்கொண்டார். நம்பிராஜன் பக்கத்தில் கூன் போட்டு நடந்தான். வழியில் போஜன் நிறுத்தி, வாளிக்குள் தன் கையை விரித்து அளந்தார்.

"ஒரு சாணும் நாலு விரலும் இருக்கு. கொண்டு போங்க. சாணுக்குக் குறைஞ்சிருந்தா இந்த ஏரி மீனை யாரும் சாப்பிடக் கூடாது, தெரியுமில்ல? திரும்பக் கொண்டாந்து விட்டுடணும். அதுதான் சட்டம்."

"சட்டத்தை மீற மாட்டோம், அண்ணாச்சி" என்றார் ஆவுடையப்பன்.

பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டை நீட்டினார். நம்பிராஜன் இடது கையால் வாங்கிக்கொண்டான். "அந்தக் கைக்கு என்ன?" என்று கேட்டார் கண்டக்டர். "மீன் பிடிச்சிருக்கேன்" என்றான். "எப்போ?" "இப்பவும்." கண்டக்டர் முன்பக்கம் போய்விட்டார்.

கட்டிலருகில் வாளியை வைத்தபோது நம்பிராஜனின் கை நீலம் பாரித்திருந்தது. கோமளா எட்டிப் பார்த்தாள். பதினைந்து நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் இரத்தம் ஓடியது.

"விடுங்க" என்றாள். விட்டான். அந்தக் கையை எடுத்துத் தன் கழுத்தடியில் வைத்துச் சூடுபடுத்தினாள். "எனக்குப் பசிக்குதுங்க" என்றாள். பிறகு குருவையாவிடம், "கழுவி நாலு துண்டாப் போட்டுடுங்க மாமா" என்றாள்.

குருவையா கொல்லைப்புறத்தில் மீனை நறுக்கினார். நாலு துண்டையும் வாழை இலையில் வரிசையாக வைத்தார். அதன் பிறகு கையை விரித்து ஒவ்வொன்றின் மேலும் வைத்தார். கோமளா காது கொடுத்துக் கேட்டாள்.

"அண்ணே, இங்க வாங்க. இதை அளந்து பாருங்க."

"நாலு விரல்தான் இருக்கு."

"இது?"

"இதுவும் நாலு. வால் துண்டு மூணுதான். எல்லாமே சாணுக்குக் கம்மி."

"முழுசா இருக்கும்போது சரியாத்தானலே இருந்துச்சு?" என்றார் ஆவுடையப்பன்.

"வர்ற வழியில சுருங்கிட்டு."

"சட்டம் சட்டம்தான். கொண்டுபோய் விட்டுற வேண்டியதுதான்" என்றார் ஆவுடையப்பன். நம்பிராஜன் மறுபடி அழத் தொடங்கினான்.

கோமளா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மெல்ல நடந்து கொல்லைக் கதவுக்கு வந்தாள். நாலு முகத்தையும் பார்த்தாள். சட்டத்தை விளக்குவதா, சாணை விளக்குவதா என்று யோசித்திருக்க வேண்டும். அவளுக்குப் பசி.

"நாலையும் ஒரே தடவைல விட்டா அதுகளுக்குப் பயமா இருக்குமுங்க, பெரிய மாமா. இன்னிக்கு வால் துண்டை மட்டும் கொண்டுபோய் விட்டுட்டு வாங்க. நாலு பேருமே போங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

இது நியாயமாகப் பட்டது. வால் துண்டை வாளியில் போட்டுக்கொண்டு நாலு பேரும் மத்தியான பஸ்ஸுக்கு ஓடினார்கள். கோமளா மிளகை அரைத்தாள். மூன்று துண்டையும் வறுத்தாள். சூடான சோற்றோடு, முள்ளைக்கூடச் சப்பி, தரையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். சாயங்காலம் நர்ஸ் ஜெயசீலி வந்து நாடி பார்த்தபோது அவள் கவிழ்த்து வைத்த தட்டுக்குப் பக்கத்தில் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். சாப்பிட்டதில் ஒரு பருக்கை திரும்பி வரவில்லை. ஜெயசீலி சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

அந்த நேரத்தில் மேற்குக் கரையில் ஆவுடையப்பன் வால் துண்டை இரண்டு கையாலும் தண்ணீருக்குள் இறக்கிக்கொண்டிருந்தார். துண்டு ஒரு முறை புரண்டு, அப்படியே ஆழத்துக்குப் போயிற்று.

"நீந்தலையே" என்றான் நம்பிராஜன்.

"களைச்சிருக்கும்லே. ரெண்டு பஸ் ஏறி வந்திருக்கு" என்றார் சொரிமுத்து.

போஜன் வந்து நின்று என்ன விஷயம் என்று கேட்டார். ஆவுடையப்பன் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். அளவு குறைந்துவிட்டதையும், சட்டப்படி கொண்டுவந்து விட்டதையும் சொன்னார். பிறகு, "அது வளர்ந்து சாண் ஆனதும் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க, அண்ணாச்சி. வந்து பிடிச்சுக்கிடுதோம்" என்று கேட்டுக்கொண்டார்.

போஜன் நாற்பது ஏக்கர் தண்ணீரையும் ஒரு பார்வை பார்த்தார். "இத்தனை மீன்ல உங்க மீன் எதுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்றார்.

நாலு பேரும் கூடிப் பேசினார்கள். கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு சொரிமுத்து முன்னால் வந்தார்.

"அது ஒண்ணும் கஷ்டமில்ல, அண்ணாச்சி" என்றார். "அதுக்குத் தலை இருக்காது."